இடது பக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தபோது பெயின்டர், கார்ப் பட்டறைக் குழாயடியில் மண்ணெண்ணெய் விட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கார் ஒரு பக்கமா உக்காந்துடுச்சு. அவருக்குக் கையில அடி. கொஞ்சம் வாங்களேன்."

எங்கே உட்கார்ந்தது, எப்படி உட்கார்ந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. ஈரக்கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்தப் பக்கத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. கண்ணாடி பெயின்டர் என்றால்தான் தெரியும். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். நசுங்கி வந்த வண்டிக்குப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மாப்பிள்ளைக் கோலத்தில் அனுப்புவது முப்பது வருஷத் தொழில். பட்டி என்பது களி மாதிரி ஒரு பூச்சு. காய்ந்தால் கல்லாகிவிடும். ஆனால் பள்ளத்தை நிரப்பத்தான் அது. ஓட்டையை அடைக்க அல்ல. இது அவருக்குத் தெரியாத சங்கதியும் அல்ல.

மகளின் கார் அவர் கொடுத்தது. பட்டறையின் பின்பக்கம் மழையிலும் கடல் காற்றிலும் நின்று இற்றுக்கொண்டிருந்த வண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருவதற்குள் அதைத் தயார் பண்ணிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. தரையில் விரித்திருந்த மேல்மிதியை உரித்துப் பார்த்தபோது தரைத் தகட்டில் கை நுழைகிற ஓட்டைகள். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற இரும்புப் பெட்டி இருக்கிறதே, வண்டியின் முதுகெலும்பே அதுதான், அது தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. தகட்டு வேலை பார்க்கிற பட்டறை டிங்கர் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி, இதை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெச்சு ஒட்டணும். நீ பாட்டுக்குப் பட்டியை வெச்சு மூடிடாதே" என்றார். டிங்கரிடம் ஏற்கெனவே பத்து வண்டி நின்றது. பெயின்டருக்கு வெல்டிங் வைத்து ஒட்டத் தெரியாது. அந்த வெளிச்சம் அவர் கண்ணுக்கு ஆகாது. பிள்ளை வீட்டுக்கு வருகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழைய வலையைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தார். மேலே பட்டி, அதன் மேலே தார், அதன் மேலே பெயிண்ட். ஒரு மழைக்காலம் போகட்டும், பிரித்து ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு மழை போய்விட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது கார் வீட்டு முற்றத்தில் வலது பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஜாக்கி, கதவுக்குக் கீழே அந்தப் பெட்டியைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது. மருமகன் வாசல்படியில் உட்கார்ந்து விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். எதையும் அளந்து வெட்டுகிற மாதிரி அளந்துதான் பேசுவான்.

"டயர் மாத்தலாம்னு தூக்கினேன் மாமா. படக்குன்னு எறங்கிடுச்சு. நல்லவேளை, டயரைக் கழட்டலை. கழட்டியிருந்தா கை போயிருக்கும்."

"விரல் எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"விரலை விடுங்க. இங்க வந்து பாருங்க."

பின் சீட்டின் மேல்மிதியைத் தூக்கி, கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்து அழுத்தினான். ஊறின ரொட்டிக்குள் போகிற மாதிரி போயிற்று. பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஓட்டை வழியாக முற்றத்து மண் தெரிந்தது. ஓர் எறும்பு ஊர்வது தெரிந்தது. அதற்கு நேர் மேலேதான் குழந்தையின் குட்டிச் சீட்டு கட்டியிருந்தது.

"எந்தப் படுபாவி பண்ண வேலை இது?" என்றான் மருமகன். குரல் உயரவில்லை. அதுதான் பெயின்டருக்குப் பயமாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு: "எவனோ பழைய ஓனர் செஞ்சிருப்பான். மனுஷனா அவன்? பிள்ளைகுட்டி இல்லாதவனா இருப்பான்."

"கையில கெடச்சான்னா தோலை உரிச்சிடுவேன்."

"உரிக்கத்தான் வேணும்" என்றார் பெயின்டர்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் மூன்று வாரம் ஆகும். மகளோ திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர வேண்டும். பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவள், நாலு இடம் ஏறி இறங்கிப் பிடித்த வேலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமும் அங்கேயே இருப்பதால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"மொத நாளே லேட்டுன்னா அடுத்த ஆளைப் போட்டுடுவாங்க. முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க" என்றாள்.

மருமகன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "நாமளே பண்ணிடுவோம் மாமா. மெல்லிசுத் தகடு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். நீங்க வெட்டிக் குடுங்க, நான் ஒட்டறேன். இந்தப் பக்கம் மட்டும்தானே? ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

பெயின்டர் இடது பக்கத்தைப் பார்த்தார். சாயங்கால வெயிலில் அது கண்ணாடியாக மின்னியது.

"முடிச்சிடலாம்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தார்கள். வானம் மூடிக் கிடந்தது. நாலு மூலைக்கும் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி வண்டியை ஏற்றினார்கள். பாட்டரியைக் கழற்றினார்கள். சீட்டுகளை வெளியே எடுத்துத் திண்டு திண்டாகச் சுவரோரம் வைத்தார்கள். பெட்ரோல் குழாய் ஓடுகிற இடத்தில் ஈரச் சாக்கைப் போர்த்தி, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். அடிப்பெட்டியை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது என்று பெயின்டர் சொன்னதும், மருமகன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை ஒட்டி முட்டுக் கொடுத்தான்.

அப்புறம் கிரைண்டர். அது எழுப்பின சத்தத்தில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. துருத்தூள் செந்தூளாகப் பறந்து இரண்டு பேர் புருவத்திலும் மூக்கிலும் அப்பியது. நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்ட வெட்ட ஓட்டை பெரிதானது. ஒரு சாண் என்று நினைத்தது ஒரு முழமாயிற்று.

"இன்னும் போகுதே மாமா."

"போகட்டும். அரைகுறை இரும்புல ஒட்டினா பிடிக்காது. பளபளன்னு வெள்ளையா வரணும்."

பெயின்டர் பழைய காலண்டர் அட்டையில் ஓட்டையின் உருவத்தை எடுத்தார். அட்டையைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட்டுக் கத்தரித்தார். மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தார். மருமகன் முதல் துண்டை ஒட்டியபோது தகடு ஓட்டையாகிவிட்டது. அவன் கைக்குப் பழக்கம் கேட்டுக் கம்பி. இரும்பென்றால் கனமாக இருக்க வேண்டும் அவனுக்கு.

"இழுக்காதீங்க மாப்பிள்ளை. பொட்டு வைக்கிற மாதிரி வைங்க. இங்க ஒரு பொட்டு, அந்தக் கோடியில ஒரு பொட்டு. ஆறட்டும். அப்புறம் நடுவுல."

"இப்படியே போனா பொழுது போயிடும்."

"போனாப் போகுது. சூடு ஏறினா தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்."

மூன்றாவது துண்டிலிருந்து கை வசப்பட்டது. இரண்டு பேரும் பேச்சில்லாமலே வேலை செய்தார்கள். இவர் கையை நீட்டினால் அவன் சுத்தியலை வைத்தான். அவன் முகமூடியை இறக்கினால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில்லை. மருமகன் இடையில் ஒரு தடவை, "நீங்க இல்லைன்னா நான் திண்டாடியிருப்பேன் மாமா" என்றான். பெயின்டருக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மத்தியானம் மகள் டீ கொண்டுவந்தாள். மருமகன் வெல்டிங் கம்பி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வெட்டிப் போட்ட குப்பை காருக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. அவள் குனிந்து ஒரு பட்டித் துண்டை எடுத்தாள். அதற்குள்ளிருந்து பச்சை நிற வலை எட்டிப் பார்த்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலையை விரலால் நீவினாள். அது கொசுவலை. அவள் பிறந்த வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு அடித்தது. ஓரத்தில் அவள் அம்மா நீல நூலில் போட்ட தையல் அப்படியே இருந்தது. அம்மா போன பிறகு ஜன்னல் மாற்றியபோது கழற்றிய வலை.

"அப்பா."

அவர் தகட்டை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார்.

"அப்பா, இங்க பாருங்க. இது நீங்க பண்ணதா?"

அரம் நின்றது. "ஆமாம்மா."

"அவருக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"நேத்து ரெண்டு பேரும் சேர்ந்து திட்டினீங்களே. நீங்களும் சேர்ந்து திட்டினீங்களேப்பா."

அவள் வலைத்துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லுங்க. இடது பக்கமும் இப்படித்தானா?"

திங்கட்கிழமை. ஆறு மணி. அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். அவள் நேற்று இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்த வெள்ளைக் கோட்டு வாசல் வழியாகத் தெரிந்தது. இடது பக்கத்தையும் பிரித்தால் ஒரு வாரம். ஒரு வாரம் போனால் வேலை போகும். வேலை ஏன் போயிற்று என்று கேட்டால் பதில் இவராக இருக்கும்.

"இல்லம்மா. அந்தப் பக்கம் நல்லா இருக்கு" என்றார்.

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. இதை அவர்கிட்ட நான் சொல்லலை. எப்பச் சொல்றதுன்னு நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீயை அவர் குடிக்கவில்லை. அது ஆறி ஆடை கட்டி, மேலே துருத்தூள் படிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. முற்றத்துக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி அதற்கடியில் குனிந்து குனிந்து வேலை பார்த்தார்கள். பத்து மணி வாக்கில் பொறி ஒன்று கதவிடுக்கில் தெறித்து, உள்ளே ஒட்டியிருந்த பழைய பஞ்சு புகையத் தொடங்கியது. மருமகன் முகமூடிக்குள் இருந்தான், அவனுக்குத் தெரியவில்லை. பெயின்டர் வாளியோடு பாய்ந்து தண்ணீரை அடித்தார். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்ரோல் குழாய் அங்கிருந்து இரண்டு முழம்கூட இல்லை. மருமகன் சிரித்துவிட்டான். பயத்தில் வருகிற சிரிப்பு. "உங்க பொண்ணு தாலியைக் காப்பாத்திட்டீங்க மாமா" என்றான். பெயின்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கடைசித் துண்டும் ஏறிவிட்டது. ஒட்டின இடமெல்லாம் கிரைண்டர் வைத்து மட்டமாக்கி, துரு பிடிக்காத பிரைமர் அடித்து, இணைப்புகளில் தண்ணீர் புகாத பசை இழுத்து, பெட்டிக்குள் எண்ணெய் பீய்ச்சினார்கள். முட்டுக் குழாயை அறுத்து எடுத்ததும் மருமகன் கதவைச் சாத்திப் பார்த்தான். க்ளிக் என்று ஒட்டிக்கொண்டது. அவன் முகத்தில் இரண்டு நாளில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. கட்டைகளை உருவி வண்டியை இறக்கினார்கள். சீட்டுகளை மாட்டினார்கள்.

மகள் ஓர் இடுப்பில் பிள்ளையும் ஒரு கையில் குட்டிச் சீட்டுமாக வந்தாள். வலது கதவைத் திறக்கப் போனவள் நின்றாள். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனாள்.

"ஏன் அங்க வெக்கறே?" என்றான் மருமகன்.

"அந்தப் பக்கம் பெயிண்ட் வாடை. பசையும் காயலை. இந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு அப்பா சொன்னார்."

சீட்டை வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்தாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு, "தாத்தா, பாம் பாம்" என்றது.

பெயின்டர் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலையும் பெரிய ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு இடது பக்கம் வந்தார்.

"பிள்ளையைத் தூக்கிக்கோம்மா."

"ஏன்ப்பா?"

"தூக்கிக்கோ."

அவள் தூக்கிக்கொண்டு விலகினாள். அவர் மண்டி போட்டு உட்கார்ந்தார். கதவுக்குக் கீழே, அவர் முகம் தெரிகிற அளவுக்கு மின்னிய இடத்தில், ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஓங்கி ஓர் அடி. பெயிண்ட் பிளந்தது. இன்னோர் அடி. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. பின்னால் பச்சை வலை. அதற்குப் பின்னால் இருட்டு. எழுந்து பின் சீட்டுக்குக் கீழே கையை விட்டு, பெல்ட்டைத் தாங்குகிற போல்ட்டைப் பிடித்து ஆட்டினார். தட்டளவு துருவோடு சேர்ந்து அது கையோடு வந்துவிட்டது.



"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் மருமகன்.

"நான்தான் அடைச்சேன்."

"எது, இந்தப் பக்கமா?"

"ரெண்டு பக்கமும். உங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி."

மருமகன் கையிலிருந்த துணியை மெதுவாக மடித்தான். "அப்ப, வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஒருத்தனைத் திட்டினோமே?"

"அது என்னைத்தான்."

"ரெண்டு வருஷமா என் பிள்ளை இது மேலதான் உக்காந்து போச்சு. நீங்களும் கூட உக்காந்து வந்திருக்கீங்க. ஒரு வாய் வார்த்தை, 'மாப்பிள்ளை, இங்க கொஞ்சம் இத்துப்போயிருக்கு'ன்னு. நான் இரும்பு வேலை செய்யறவன். எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" திடீரென்று மனைவி பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை" என்று பெயின்டர் குறுக்கே விழுந்தார்.

"தெரியும்" என்றாள் அவள். "நேத்துலேர்ந்து தெரியும். இந்தப் பக்கம் தெரியாது. கேட்டேன். இல்லைன்னு சொன்னார்."

பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. மருமகன் ஏதோ சொல்ல வந்தவன் அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். கேட்டைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள். பெயின்டர் போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் காருக்குப் பக்கத்தில் நின்றார். போனால் ஓடிப்போன மாதிரி. இருந்தால் எந்த முகத்தோடு இருப்பது? பெயர்ந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஓர் ஓரமாகக் குவித்தார். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மருமகன் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து அவர் முன்னால் நீட்டினான்.

"எங்கெங்கன்னு வட்டம் போடுங்க. ஒண்ணு விடாம."

பெயின்டர் போட்டார். இடது அடிப்பெட்டியில் மூன்று. பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு. டிக்கியின் தரையில் இரண்டு. முன்பக்கம், டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ஒன்று. பாட்டரிக்கு அடியில் ஒன்று. குனிந்தும் மல்லாந்து படுத்தும் போட்டார். காரின் நல்ல நீலத்தில் ஒன்பது வெள்ளை வட்டங்கள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நம்பலாமா?"

பெயின்டர் சுத்தியலை எடுத்து அவன் கையில் வைத்தார். "தட்டிப் பாருங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும். பட்டி டொக்குன்னு கேக்கும்."

அவன் தட்டினான். முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை, கூரை, கதவு, அடி, ஒரு சாண் விடாமல். அரை மணி நேரம் பெயின்டர் நின்ற இடத்தில் நின்று ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாவது வட்டம் போட வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு மருமகன் மகளை இரவல் வாங்கின மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மழைக்கோட்டோடு கிளம்பினான். வேலை தப்பித்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். பெயின்டர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ஐந்தரைக்கே வந்து நின்றார். பிள்ளையை அவரிடம் விட்டிருக்கலாம். விடவில்லை. அவரும் கேட்கவில்லை.

மிச்ச வேலை எட்டு நாள் இழுத்தது. பகலில் பெயின்டர் தனியாகச் சுரண்டி, வெட்டி, தகடு தட்டி வைப்பார். சாயங்காலம் மருமகன் வந்து ஒட்டுவான். பேச்சு வேலையோடு சரி. "பிடிங்க." "கொஞ்சம் மேல." "விடுங்க." மாமா என்ற சொல் நின்றுபோயிருந்தது. மகள் டீ வைப்பாள். டம்ளரைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போவாள். ஐந்தாம் நாள், "மாத்திரை போட்டீங்களா?" என்று உள்ளிருந்தே கேட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துருத்தூள் என்று துடைத்துக்கொண்டார்.

ஒன்பது வட்டமும் தகடாக மாறின பிறகு பெயின்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேல லேசா பட்டி போட்டு ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிடவா? ஒட்டின தையல் தெரியாது."

"தெரியட்டும்" என்றான் மருமகன். "பிரைமர் போதும்."

அடுத்த நாள் காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். பெயின்டர் முன்சீட்டுக் கதவில் கை வைத்தார். "பின்னாடி உக்காருங்க. இடது பக்கம்" என்றான் மருமகன். அவர் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டி, கல்லுடைக்கிற இடத்துக்குப் போகிற பாதையில் வண்டியைத் திருப்பினான். லாரி ஓடி ஓடிக் குண்டும் குழியுமான பாதை. வேண்டுமென்றே ஒரு குழியையும் விடவில்லை. பெயின்டரின் தலை இரண்டு தடவை கூரையில் முட்டியது. பெல்ட் தோளை அறுத்தது, போல்ட் அசையவில்லை. கதவுகள் கடகடக்கவில்லை. மருமகன் கண்ணாடியில் அவரைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக ஓட்டினான். பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறியதும் அவன் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"நல்லா நிக்குது" என்றான். எட்டு நாளில் ஏவலாக இல்லாமல் அவன் தானாகச் சொன்ன முதல் பேச்சு.

பெயின்டர் காலை நீட்டி உட்கார்ந்தார். இடது கால் கட்டைவிரலில் என்னவோ சில்லென்று பட்டது. காலை நகர்த்தினார். இல்லை. திரும்ப அதே இடத்தில் வைத்தார். இருந்தது. நூல் மாதிரி ஒரு காற்று.

"மாப்பிள்ளை, வண்டியை நிறுத்துங்க."

"ஏன்?"

"ஒரு இடத்துல காத்து வருது. கீழ எங்கயோ பசை விட்டுப்போயிருக்கு. நான் இழுத்த இடம்தான்."

மருமகன் ஓரங்கட்டினான். இறங்கி வந்து கதவைத் திறந்து, மண்டி போட்டு, மேல்மிதியை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தான். ஊசிமுனை அளவுதான். தெரிந்தே தேடினாலும் கண்ணில் படாது. அவன் அதைப் பார்த்தான். பிறகு மேலே அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு லாரி கடந்து போயிற்று.

"சின்னதுதான்" என்றான்.

"சின்னதா இருக்கும்போதே அடைக்கணும். தண்ணி ஏறிடும். நாளைக்குக் காலையில வந்து பார்க்கட்டுமா?"

மருமகன் மேல்மிதியை இழுத்துப் போட்டு, மேலே தட்டிச் சமமாக்கினான். கதவைச் சாத்தினான். சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

"ஏழு மணிக்கு முன்னாடி வாங்க" என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "எட்டுக்கு நான் வேலைக்குப் போகணும். நீங்க தனியா பண்ண வேணாம்."

வண்டி கிளம்பியது. பெயின்டர் அந்தக் காற்று வந்த இடத்தில் குதிகாலை அழுத்தி வைத்துக்கொண்டு, வீடு வந்து சேரும் வரை எடுக்கவே இல்லை.